வாரக் கடைசி விஹாரம்: கான்சாபுரத்து நண்பர்களை முன்னிட்டு ஒரு சாஸ்திரீய விசாரணை

வத்திராயிருப்புக்கு அப்பால், மேற்கு மலையின் அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் நடுவே, மதுரைச் சீமையை ஆண்டு 1764இல் தூக்கில் மாண்ட கான்சாகிபின் பெயரைச் சுமந்துகொண்டு கிடக்கிற கான்சாபுரத்தில், நண்பர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்து, ‘இன்றைக்கு எங்கேயாவது வெளியே போய் உல்லாசமாக இருந்துவிட்டு வருவோம்’ என்று சொல்லிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் எழவில்லை என்பதே காரணம். உண்ணவும் உறங்கவும் திட்டு வாங்கவும் தவிர மற்ற எதற்கும் வீட்டுக்குள் இருந்தறியாத ஒருவனுக்கு, வெளியே போவது என்பது தனியாகத் தீர்மானித்துச் செய்யத்தக்க ஒரு கர்மம் ஆகாது. அப்படிப்பட்ட மனிதன் திருச்சியிலோ மதுரையிலோ விமானம் ஏறிச் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கி, ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, முதல் மாதச் சம்பளத்தையும் வாங்கிவிட்டானேயானால், அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர் நால்வரைத் திரட்டிக்கொண்டு எங்கேயாவது புறப்படுவதை மந்திராலோசனைக்குரிய காம்பீரியத்தோடு நடத்தத் தொடங்கிவிடுகிறான். இந்தப் பரிணாமம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தர்க்க நூலார் பிரமாணங்களைப் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்காக வகுத்தனர். இவற்றுள் பிரத்தியட்சத்துக்கு இங்கே இடமில்லை. இதை எழுதுகிறவன் கடல் கடந்தவன் அல்லன். பாஸ்போர்ட்டு என்னும் சிறு நூலைப் பிறர் கையில் கண்டு வியந்ததோடு சரி. ஆகவே, விடுமுறையில் ஊருக்கு வருவோர் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து திருவாய் மலர்ந்தருளிய ஆப்த வாக்கியங்களே, அதாவது சப்தப் பிரமாணமே, இந்த ஆராய்ச்சிக்கு முழு ஆதாரம். சாட்சிகளுள் ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பதும், மறுத்தவர் சொல்வதை முன்னவர் சிரித்தே தள்ளிவிடுவதும் வழக்கமாக இருந்தபடியால், இருவரும் ஒத்துச் சொன்ன விஷயங்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன். கட்டுரை இவ்வளவு சுருக்கமாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

வாரக் கடைசி என்ற ஒன்று கான்சாபுரத்தில் இயற்கையாக விளைவதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நெற்பயிர் ஞாயிற்றுக்கிழமையை அறியாது, தென்னை அறியாது, கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வருகிறதோ அதுவே வேலை நேரம், அது போய்விட்ட நேரமே ஓய்வு நேரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவதும், ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரைப் பார்ப்பதும் உண்டென்றாலும், அவை சந்திரனும் நட்சத்திரமும் நிர்ணயிக்கிற நாட்களே தவிர, ஏழு நாட்களுக்கு ஒரு முறை கடிகாரம் போலத் திரும்பி வருபவை அல்ல. இந்தியாவில் ஞாயிறு விடுமுறை ஆனதே பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே நெடுங்காலம் வாதாடி 1890இல் பெற்றுத் தந்த பயன் என்பர். நம் பக்கத்தில், இராஜபாளையத்தில், 1936இல் ராமசாமி ராஜா ஆலையை நிறுவிய பிற்பாடு வார விடுமுறை என்ற சங்கதி ஜனங்களுக்குப் பழக்கமாயிற்று. அப்போதும் ஷிப்டுக்காரர்களுக்குள் ஒருவருடைய விடுமுறையும் இன்னொருவருடைய விடுமுறையும் ஒத்துப்போவது அபூர்வமாதலால், மில் தொழிலாளி தன் ஓய்வு நாளைப் பெரும்பாலும் தூங்கியே கழித்தான். எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு, அந்த நாளில் எல்லாரும் மகிழ்ந்தே தீரவேண்டும் என்ற கடுமையான விதியை நம்மவர் கற்றது கடல் கடந்த பிறகே.

வளைகுடா நாடுகளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். எடுத்துக்கொண்டேன்; விட்டுவிட்டேன். ஆராய்ச்சிக்குரிய பொருள் நிலையாக நிற்கவேண்டும் அல்லவா? ஐக்கிய அமீரகத்தில் 2006இல் வியாழன்–வெள்ளி விடுமுறை வெள்ளி–சனி ஆயிற்று. 2022 ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை அரைநாள் வேலை, சனியும் ஞாயிறும் விடுமுறை என்று மறுபடி மாறிற்று. சவூதி அரேபியா 2013இல் வியாழனை விட்டுச் சனியைப் பிடித்தது. ஒரே தெருவில் பிறந்து, ஒருவன் ரியாத்திலும் ஒருவன் துபாயிலுமாக இருக்கும் இரு சகோதரர்கள், இன்றைக்கு வெள்ளியும் ஞாயிறுமாகப் பிரிந்து, சனிக்கிழமை ஒன்றில் மட்டுமே ஒருவரோடொருவர் சாவகாசமாகப் பேசுகிறார்கள். அரசாங்கங்கள் இவ்வாறு கிழமைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும் வரையில் அங்கே எந்தச் சித்தாந்தத்தையும் நிலைநாட்ட இயலாது. சிங்கப்பூர் ஞாயிற்றுக்கிழமையோ மலை போல அசையாமல் நிற்பது.

ஆயினும் சிங்கப்பூரிலும் அந்த நாள் எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. கான்சாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவருள் ஒருவன் கணினிப் பொறியாளனாகிச் சனி, ஞாயிறு இரண்டையும் முழுமையாக அனுபவிக்கிறான்; மற்றவன் கப்பல் பட்டறையிலோ கட்டட வேலையிலோ சேர்ந்து, வாரம் ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் சொல்லியிருந்தாலும், ஓவர்டைம் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையைக் கையை விட்டு நழுவவிட மனமில்லாமல், மாதத்தில் சில ஞாயிறுகளை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் அடைகிற வரைக்கும் அந்தச் சிலவும் சந்தேகமே. இவ்விருவருக்கும் பொதுவாக ஒரு நாளைக் கண்டுபிடிப்பதென்பது பஞ்சாங்கக்காரர்களுக்கே கஷ்டமான காரியம். அவ்வாறிருக்க, அந்த நாள் எப்படித்தான் நிர்ணயமாகிறது?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்காமல் இருந்தது. கடைசியில் சாட்சிகள் பலரையும் தனித்தனியே விசாரித்ததில், நிமித்த காரணம் பால்கோவாவே என்பது சந்தேகத்துக்கு இடமின்றி வெளிப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. பாலும் சர்க்கரையும் நெருப்பும் பொறுமையும் தவிர அதில் வேறொன்றும் சேர்வதில்லை. அந்தப் பரிசுத்தத்தின் பயனாகவே அது சில நாட்களுக்கு மேல் தாங்குவதும் இல்லை. விடுமுறை முடிந்து திரும்புகிற ஒருவன் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய கணத்திலிருந்து காலம் என்னும் பூதம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. முறுக்கும் சேவும் காத்திருக்கும்; பால்கோவா காத்திராது. ‘மாப்ள, ஞாயித்துக்கெழமைக்குள்ள வாங்க, இல்லேன்னா நானே தின்னுருவேன்’ என்று அவன் விடுக்கிற ஓலை எந்தத் திருமண அழைப்பிதழைக் காட்டிலும் வலியது. ஓவர்டைமை விட்டு வருகிறவனும் உண்டு. இரவு ஷிப்டு முடித்துக் கண்ணில் உறக்கத்தோடு வருகிறவனும் உண்டு. தேசியத் தினங்கள், மழைக்காலம், சம்பளத் தேதி ஆகியவற்றைக் கொண்டு இந்தக் கூடுகைகளின் காலத்தைக் கணிக்க முற்படும் வருங்கால ஆராய்ச்சியாளர்கள் வீணாகச் சிரமப்படாமல், யார் எப்போது ஊருக்குப் போய்விட்டு வந்தார் என்ற ஒன்றை மட்டும் கவனித்தால் போதுமென்று ஆலோசனை கூறுகிறேன்.

நாள் நிச்சயமானபின் இடத்தை நிச்சயிப்பதற்கு வாட்ஸ்அப் குழுவில் சபை கூடுகிறது. குழுவின் பெயர் பெரும்பாலும் ஊரின் பெயரோடு ‘சிங்கங்கள்’ என்றோ ‘பாய்ஸ்’ என்றோ முடியும். ஒருவர் செந்தோசாத் தீவு என்பார். ஒருவர் மெர்லயன் சிலை என்பார். ஒருவர் மரீனா விரிகுடாத் தோட்டத்தில் இரவு ஏழே முக்காலுக்கு நடக்கும் விளக்கு வேடிக்கைக்குக் காசு வாங்குவதில்லை என்பதை எடுத்துக்காட்டுவார். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் கோழி சுட்டுத் தின்னலாம் என்கிற பிரேரணை ஒன்று எல்லாக் காலத்திலும் வருவது. அடுப்பை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் வராமையால் எல்லாக் காலத்திலும் கைவிடப்படுவது. இந்தியர் விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று 2023 டிசம்பரில் ஏற்பட்டதிலிருந்து ஜோகூருக்கும் ஆதரவு பெருகியிருக்கிறது. சிங்கப்பூரை ஜோகூரோடு இணைக்கும், 1924இல் திறந்த கடற்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். வாரக் கடைசியில் அதைக் கடந்து குடிநுழைவுச் சாவடிகளிலிருந்து விடுபடுவதற்குள், கிருஷ்ணன்கோவிலில் பஸ் ஏறினவன் மதுரையில் இறங்கிச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம். இவ்வளவு வாதங்களையும் செய்கிறவர்கள் உள்ளூர எந்த இடத்திலும் அக்கறை இல்லாதவர்கள் என்பதே என்னுடைய சித்தாந்தம். இடம் ஒரு வியாஜம். ஊரில் ஒரு காரணமும் இல்லாமல் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள், அயல்நாட்டில் காரணமில்லாமல் உட்கார வெட்கப்பட்டு, சிலையையும் தீவையும் காரணமாகக் காட்டுகிறார்கள். இதை நிரூபிக்கவேண்டியது என் கடமை.

முதல் நிரூபணம், புறப்பாட்டுக்கு முந்திய காலத்தின் நீளம். கான்சாபுரத்தில் தாமதமாக வருகிறவனுக்குப் பஸ் இருக்கிறது. வராத பஸ்ஸின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவன் தலை நிமிர்ந்து நிற்கலாம். 1987இல் ஓடத் தொடங்கிய சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலோ சில நிமிஷத்துக்கு ஒன்றாக வந்து மனித குலத்தின் இந்தப் பழைய அடைக்கலத்தைப் பறித்துவிட்டது. ஆனால் ஒன்றைப் பறித்த நகர நிர்மாணிகள் மற்றொன்றை அருளியிருக்கிறார்கள்: ஒரே நிலையத்துக்குப் பல வாயில்கள். தனித்தனிக் குறியிட்ட அந்த வாயில்கள் பூமிக்கடியிலிருந்து வெவ்வேறு வீதிகளில் போய்த் திறப்பவை. ஐவர் கூடவேண்டிய இடத்தில் ஐவரும் குறித்த நேரத்துக்கு வந்துவிட்டபோதிலும், நாலு வாயில்களில் நின்றுகொண்டு, ‘இங்கனதான்டா நிக்கேன், நீ எங்கன நிக்க?’ என்று போனில் விசாரித்தபடி, ஒருவன் மற்றவன் இருக்கும் வாயிலை நோக்கிப் போக, அவன் இவன் இருந்த வாயிலை நோக்கி வர, சுரங்கத்துக்குள் ஒருவரையொருவர் காணாமலே கடந்து செல்லும் காட்சியைச் சாட்சிகள் அனைவரும் ஒருமுகமாக வர்ணித்தார்கள். மெர்லயன் சிலைக்கு முன்னால் பாலம் ஒன்று வந்து மறைத்தபடியால், எழுபது டன் எடையுள்ள அந்தச் சிலையையே 2002இல் சுமார் நூற்றிருபது மீட்டர் தூரம் பெயர்த்துக்கொண்டுபோய் வைத்தார்கள். அந்த மகத்தான காரியமும் ஏதோ ஒரு நாளில் முடிந்துதான் போயிற்று என்பதை, வாயில்களில் சிதறி நிற்கும் நம் நண்பர்களுக்கு யாராவது ஞாபகப்படுத்தலாம்.

இதில் கவனிக்கத்தக்கது, யாருக்கும் கோபம் வருவதில்லை என்பது. இடத்தின்மேல் நிஜமான ஆசை உடையவன் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்வான். இவர்களோ முதலில் சந்தித்த இருவராக ஒரு பிராட்டாக் கடையில் அமர்ந்து, வந்து சேராத மூவரின் குண விசேஷங்களைச் சாங்கோபாங்கமாகப் பேசி, ஆளுக்கு ஒரு டீ குடித்து, பிராட்டா என்பது நம் புரோட்டாவுக்குத் தூரத்து உறவுகூட ஆகாது என்றும், விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவை இவர்கள் ஒரு முறை தின்றால் கடையைச் சாத்திவிடுவார்கள் என்றும் தீர்ப்புக் கூறி, தீர்ப்புக் கூறிக்கொண்டே மூன்றாவது பிராட்டாவையும் முடிக்கிறார்கள். உல்லாசம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அது தொடங்கிவிட்டதென்று அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது நிரூபணம், குறித்த இடத்தில் அவர்கள் நடந்துகொள்ளும் விதம். செந்தோசாவை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ராணுவத்தார் கோட்டை கட்டி வைத்திருந்த அந்தத் தீவு 1970களில் புதுப் பெயர் சூட்டப்பெற்று உல்லாசத் தலமாயிற்று. ஒற்றைத் தண்டவாள ரயிலிலும் போகலாம். பாலத்தின்மேல் நடந்தும் போகலாம். நம்மவர் எதில் போவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தீவின் தெற்குக் கரையில், தொங்குபாலத்தைத் தாண்டினால், ஆசியக் கண்டப் பெருநிலத்தின் தென்கோடி என்று பறைசாற்றும் பலகை ஒன்று இருக்கிறது. தீவுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஒரு குட்டித் தீவுத் திட்டு, கண்டத்தின் பெருநிலத்தில் எப்படிச் சேரும் என்பதையும், பாலத்தைக் கணக்கில் சேர்ப்பது நியாயமா என்பதையும், ஜோகூர் மாநிலத்துத் தஞ்சோங் பியாய் முனைக்கல்லவா அந்தப் பட்டம் உரியது என்பதையும் பூகோள சாஸ்திரிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். கான்சாபுரத்தார் அந்தப் பலகையின் கீழே நின்று, கண்டத்தின் கோடியைத் தொட்ட மனிதனுக்குரிய பிரமிப்பு சிறிதும் இல்லாமல், ஆளுக்கு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, ‘சரி, பாத்தாச்சு, கெளம்புவமா?’ என்கிறார்கள். வந்து சேர்வதற்குச் செலவான நேரத்தின் முன்னே அங்கே தங்கிய நேரம் அற்பத்திலும் அற்பம்.

அந்த அற்ப நேரத்திலும் பேச்சு எதைப் பற்றியது? கடலைப் பார்த்தவன் பிளவக்கல் அணை நிரம்பியதா என்று கேட்கிறான். மெர்லயன் என்னும் 8.6 மீட்டர் உயரத்துச் சிங்கமுகத்து மீன் வாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரைப் பார்த்தவன், இராஜபாளையத்து அய்யனார் அருவியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்ற கதையை ஆரம்பிக்கிறான். மரீனா விரிகுடாத் தோட்டத்தில் ஐம்பது மீட்டர் வரை ஓங்கி நிற்கும் இரும்பு மரங்களின் கீழே மல்லாந்து படுத்து விளக்கு வேடிக்கை பார்க்கிறவன், செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாதிக்க, பக்கத்தில் படுத்திருப்பவன் அது அணில் இல்லை, உன் மாமா என்கிறான். உபமானம் என்னும் பிரமாணத்துக்கு இதைக் காட்டிலும் விரிவான பிரயோகத்தை நியாய சாஸ்திரமே கண்டிராது.

மூன்றாவது நிரூபணமே தலையாயது. செந்தோசாவுக்குப் போனாலும், ஜோகூருக்குப் போனாலும், தோட்டத்துக்குப் போனாலும், மாலை மயங்குகிற வேளைக்குள் அனைவரும் தேக்காவில் இருக்கிறார்கள். போகும்போது ஐந்து கருத்து இருந்தது. திரும்பும்போது ஒரே கருத்து. சிராங்கூன் சாலையும் அதன் கிளை வீதிகளுமாகிய அந்தப் பேட்டையில், 1855இல் தோன்றிய ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலும், 1947 முதல் தோசை வார்த்துக்கொண்டிருக்கிற கோமள விலாஸும், 1971இல் சிறு கடையாகத் தொடங்கி இப்போது ஊசி முதல் தங்கம் வரை விற்கும் முஸ்தபாவும் இருந்தாலும், இவை எல்லாம் இரண்டாம் பட்சமே. காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கலாம். மல்லிகைப் பூவின் வாசனையைக் காசு கொடுக்காமல் முகரலாம். ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசையில் நிற்கலாம். வரிசையில் முன்னால் நிற்கிறவர் மகாராஜபுரத்துக்காரராக இருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் அவருடைய அத்தை யாருக்கு வாழ்க்கைப்பட்டார் என்ற விசாரணை தொடங்கி, வரிசை நகர்ந்ததே தெரியாமல் போகலாம். பிறகு ஒரு புல்தரை; அதில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு; அதன்மேல் பால்கோவா டப்பா. காலையில் சந்தித்தபோதே தின்றிருக்கலாமே என்று நான் ஒரு சாட்சியைக் கேட்டேன். ‘அதெப்படி, உக்கார வேண்டாமாண்ணே?’ என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். பகல் முழுவதும் இந்த உட்காருதலை நோக்கியே நடந்தார்கள் என்பதற்கு இதைவிட ஆணித்தரமான ஆதாரம் ஏது?

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவில், ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டதும், அதன்பின் அந்த வட்டாரத்தில் மதுவுக்கும் கூட்டத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்ததும் உலகம் அறிந்த செய்தி. விளையாட்டாக எழுதும் இடத்தில் அதை நீட்டுவது முறையாகாது. ஆனால் என் சித்தாந்தத்துக்கு அரசாங்கமே முத்திரையிட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லாமல் விடவும் முடியாது. 2020 ஏப்ரலில் கொரோனாக் கிருமி காரணமாகத் தொழிலாளர் விடுதிகளின் கதவுகள் அடைபட்டன. வேலைக்குப் போகவர அனுமதித்த பின்னரும், தம் இஷ்டம் போல ஊருக்குள் உலாவ நெடுங்காலம் அனுமதி இல்லை. 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு ஐந்நூறு பேர் வரை, ஆறு மணி நேரம் வெளியே போய்வரலாம் என்று பரீட்சார்த்தமாக விட்டார்கள். எங்கே விட்டார்கள்? தீவுக்கா, சிலைக்கா, இரும்பு மரங்களுக்கா? தேக்காவுக்கும் கேலாங் செராய்க்கும்! இந்தக் கட்டுரையைப் படிக்கும் பாக்கியம் அப்போது அந்த அதிகாரிகளுக்கு இருந்ததில்லை. ஆயினும், மனிதனுக்கு நீண்ட சிறைவாசத்துக்குப் பின் முதலில் எது வேண்டும் என்பதை அவர்கள் சுயமாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அடைபட்டிருந்தவர்களைப் பற்றி இவ்வளவு லேசாக எழுதுகிறேனே என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஐந்நூறு பேரில் ஒருவராக இருந்து, ஆறு மணி நேரத்தில் நாலு மணியை ஒரு நண்பருக்குக் காத்திருந்தே கழித்ததாக இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னவர், என்னைவிட லேசாகத்தான் சொன்னார்.

பூர்வபட்சம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் பல நூறு மைல் காரோட்டி நயாகரா வரைக்கும் போகிறார்களே, அவர்களுக்கும் இடம் வெறும் வியாஜம்தானா என்று கேட்பர். காரின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள் என்பதே பதில். புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், அவித்த முட்டை, அப்பளம், இரண்டு குடும்பத்தாரின் ஊறுகாய்ப் பாட்டில்கள். அருவி இவற்றின் பின்னணியில் கொட்டுகிறது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

போட்டோவைப் பற்றி ஒரு சூட்சுமம் மட்டும் சொல்ல வேண்டும். சிலையின் முன்னே எடுத்த போட்டோவை அந்த க்ஷணமே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைக்கிறவன் புதிதாகப் போனவன். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே மாலை ஏழு மணிக்கு வைத்த போட்டோவை இங்கே நாலரை மணிக்கு, டீக்கடையில் கூட்டம் சேருகிற நேரமாகப் பார்த்து, அவனுக்குக் கடன் கொடுத்தவர் பார்த்துவிடுகிறார். கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைச் செருப்புமாக நிற்கிறவனுக்கு இந்த மாத வட்டி மட்டும் ஏன் முடியவில்லை என்று அவர் எழுப்புகிற கேள்வி தர்க்க ரீதியாகக் குற்றமற்றது. பெண் கொடுக்க நினைப்பவர்கள் அதே போட்டோவிலிருந்து வேறு அனுமானத்துக்கு வருகிறார்கள்: கண்ணாடியையும் செருப்பையும் பார்த்துச் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள், பையனின் தகப்பனாருக்கு இரு திசையிலும் சங்கடம். ஆகவே பழுத்த அனுபவசாலிகள் போட்டோவை எடுப்பதோடு நிறுத்திக்கொள்வர். வைப்பதானால், குறிப்பிட்ட சிலர் காணாதபடி மறைத்து வைப்பர். மறைக்கவேண்டியவர் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று நான் கேட்டபோது, சாட்சிகள் அனைவரும் ஒரே சமயத்தில் டீக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த விசாரணை முடியும் தறுவாயில், 2025இல், எதிர்பாராத திருப்பம் ஒன்று நேர்ந்தது. எங்கள் பக்கத்து ஊராகிய கூமாபட்டியின் தண்ணீரையும் பசுமையையும் ஓர் இளைஞர் இன்ஸ்டாகிராமில் தம் சொந்தப் பாணியில் புகழ்ந்து எல்லாரையும் அழைக்க, அந்த வீடியோ தமிழ்நாடு முழுவதும் பரவி, எங்கெங்கோ இருக்கிறவர்கள் நண்பர் குழாமும் காருமாக இந்தப் பக்கம் புறப்பட்டு வரத் தொடங்கினார்கள். கடைசியில் பிளவக்கல் அணைப் பூங்காவுக்குப் பத்துக் கோடி ரூபாய் ஒதுக்குகிற வரைக்கும் சங்கதி வளர்ந்தது. செந்தோசாக் கடற்கரையில் உட்கார்ந்து போனில் இதைப் பார்த்த எங்கள் ஊரார், வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்த இடத்துக்கு ஜனங்கள் பெட்ரோல் செலவழித்து வருவதைக் கண்டு திகைத்தார்கள் என்று கேள்வி. வந்தவர்களை நானும் கவனித்தேன். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் அணையை எட்டிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிறகு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, தங்கள் ஊர்ப் பரிச்சயஸ்தர் ஒருவருடைய கல்யாணத்தில் சாம்பார் போதாமல் போனதைப் பற்றி அஸ்தமனம் வரையில் பேசினார்கள். என் சித்தாந்தம் கடலைக் கடந்தவர்களுக்கு மட்டும் உரியதா, காரில் வருகிறவர்களுக்கும் செல்லுமா என்ற கேள்வி இதனால் எழுகிறது. செல்லும் என்றே தோன்றுகிறது. ஆனாலும் அவர்களிடம் பால்கோவா இல்லை, சுற்றிலும் கடைகளில் கிடைக்கிறது, ஆகையால் நிமித்த காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கும்.

எஞ்சியிருப்பது கணக்கு வழக்கு. அன்றைய செலவை ஒருவர் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பிற்பாடு தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுவது மரபு. கொடுத்தவர் எப்போதும் பொறியாளர். பங்கை முதலில் கொண்டுவந்து நீட்டுபவர் எப்போதும் பட்டறைத் தொழிலாளி. அதை வாங்க மறுத்து முன்னவரும், வாங்கியே தீரவேண்டுமென்று பின்னவரும் நடுவீதியில் மல்லுக்கு நிற்பது, பார்க்கிறவர்கள் சண்டையென்று நினைத்து விலகிப்போகும் அளவுக்கு உக்கிரமானது. மற்ற மூவரின் பங்கு பற்றிச் சாட்சியங்கள் தெளிவாக இல்லை. ஜோகூர்ப் பிரயாணம் ஒன்றில் இளநீருக்கும் டாக்சிக்கும் ஆன காசில் தன் பாகத்தைக் கொடுக்காதவர் யார் என்பது மட்டும் குழு முழுவதற்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் அவ்வப்போது யாராவது ஓர் இளநீர்ப் படத்தை மட்டும் போட்டுவிட்டு மௌனமாக இருப்பார்கள். அந்த நபர் சென்ற சித்திரையில் ஊருக்கு வந்திருந்தபோது நான் அவரைத் தனியே விசாரித்தேன். இளநீர் தாம் குடிக்கவே இல்லை, தமக்கு அன்றைக்குச் சளி என்றார். மற்றவர்கள் அவர் இரண்டு குடித்தார் என்கிறார்கள். விசாரணை நடந்த நாட்களில் என் டீக்கும் வடைக்கும் அவரே காசு கொடுத்தபடியால், ஆராய்ச்சியாளனுக்குரிய நடுநிலைமையைக் காப்பாற்றும் பொருட்டு இந்த ஒரு விஷயத்தில் நான் அபிப்பிராயம் கூறாமல் விடுகிறேன்.